அச்சுப்பொறிகளின் கதை – 9: சுமை யார் தலையில்?

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் கேரி ஸ்டார்க்வெதர் லேசர் கதிரைக் கொண்டு தாளில் எழுதவைத்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். 1977-இல் ஜெராக்ஸ் 9700 சந்தைக்கு வந்தது. அங்குலத்துக்கு 300 புள்ளி, நொடிக்கு இரண்டு பக்கம். இயந்திரத்தின் கை தேர்ந்துவிட்டது. ஆனால் ஒரு கணினியில் உருவாக்கிய பக்கத்தை வேறொரு கணினியில், வேறொரு அச்சுப்பொறியில் அப்படியே எடுக்க அப்போது வழியில்லை.

வெறும் எழுத்து வரிசை என்றால் எப்படியோ சமாளித்துவிடலாம். கணிதச் சமன்பாடு, இரண்டு மூன்று அளவு எழுத்துகள், கோட்டுப்படம், பத்தி வலப்பக்கம் ஒட்டி நிற்கும் அமைப்பு என்று வந்தால், அது அந்தக் கணினியோடும் அந்த அச்சுப்பொறியோடும் கட்டிப்போட்ட சரக்கு. பல்கலைக்கழகத்தில் ஒருவர் எழுதிய கட்டுரையை இன்னொரு ஊரில் உள்ள நண்பர் அச்சிட வேண்டுமென்றால் காகிதத்தைத் தபாலில் அனுப்புவதே உத்தமம்.

சிக்கலின் வேர் ஒரு கேள்வியில் இருந்தது: அச்சுப்பொறியைப் பற்றிய அறிவு எங்கே இருக்க வேண்டும்? எழுதும் மென்பொருளிலா, இயங்குதளத்திலா, அச்சுப்பொறிக்குள்ளேயா, அல்லது கோப்பிலேயா? அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்தச் சுமை ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மாறிக்கொண்டே இருந்தது. இந்த அத்தியாயம் அந்தக் கைமாற்றத்தின் கதை.

பெல் ஆய்வகத்தின் கோடை விடுமுறை

முதலில் சுமை மென்பொருளின் தலையில்தான் இருந்தது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் ஜோ ஒசானா 1973 வாக்கில் எழுதிய டிராஃப் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள், கிராஃபிக் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் காட் என்ற ஒளி அச்சுக்கோப்பு இயந்திரத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. அந்த இயந்திரத்தில் ஒரே சமயத்தில் நான்கு எழுத்துருக்களை மாட்டலாம். ஒவ்வொன்றிலும் 102 உருக்கள். இந்த எண்ணிக்கை டிராஃபின் உள்ளேயே ஊறிப்போயிருந்தது. வேறு இயந்திரம் வாங்கினால் மென்பொருளையே பிரித்து மேய வேண்டும். 1977-இல் ஒசானா இறந்துபோனார். அவர் எழுதிய நிரலில் கைவைக்க மற்றவர்கள் தயங்கினார்கள்.

1979-இல் ஆய்வகம் மெர்கென்தாலர் நிறுவனத்தின் லினோட்ரான் 202 என்ற புதிய இயந்திரத்தை வாங்கியது. எழுத்துகளை வெளிக்கோட்டு வடிவில் உள்ளே சேமித்து வைத்திருந்த நவீன சாதனம் அது. ஆனால் அதனுடன் வந்த மென்பொருள் படுத்தி எடுத்தது. உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லும் ஆவணமும் கிடைக்கவில்லை. கென் தாம்ப்சன், பிரையன் கெர்னிகன், ஜோ காண்டன் மூவரும் அந்தக் கோடை முழுவதும் உட்கார்ந்து, இயந்திரத்தின் உள் நிரலைப் பிரித்துப் படித்து, எழுத்துருக்களின் ரகசிய வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள். தங்களுக்கு வேண்டிய சதுரங்கக் காய்களைக்கூட அந்த இயந்திரத்தில் வரைந்துகாட்டினார்கள். இந்த அனுபவத்தை 1980 ஜனவரியில் ஓர் அறிக்கையாக எழுதினார்கள். நிர்வாகம் அதை வெளியே விடவில்லை. பல ஆண்டுகள் கழித்து, 2013-இல்தான் அது மீட்டெடுக்கப்பட்டு வெளிவந்தது.

இந்த அடிபட்ட அனுபவத்திலிருந்துதான் கெர்னிகன் டிராஃபை மாற்றி எழுதினார். புதிய டிராஃப் எந்த இயந்திரத்துக்கும் நேரடியாகக் கட்டளையிடாது. பக்கத்தில் எது எங்கே வர வேண்டும் என்பதை எளிய எழுத்துக் கோப்பாக எழுதிவைக்கும். அதைப் படித்து அந்தந்த இயந்திரத்தின் மொழிக்கு மாற்றுவது தனியான ஒரு சின்ன நிரலின் வேலை. இயந்திரம் மாறினால் அந்தச் சின்ன நிரலை மட்டும் மாற்றினால் போதும். அச்சு வரலாற்றில் இது பெரிய திருப்பம். ஏறக்குறைய இதே நேரத்தில், அமெரிக்காவின் இன்னொரு முனையில் வேறொருவரும் இதே முடிவுக்கு வந்திருந்தார்.

கனூத்தின் மெல்லிய கோப்பு

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத், கணினி நிரலாக்கம் பற்றிய தம் பெருநூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கான மெய்ப்புத் தாள்களை 1977-இல் பார்த்தார். முதல் பதிப்பு ஈயத்தில் கோத்த மோனோடைப் அச்சு. புதியது ஒளி அச்சுக்கோப்பு. எழுத்துகளின் அழகின்மை அவரை உறுத்தியது. புத்தக வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளையும், எழுத்துகளைக் கணிதமாக வரையும் மெட்டாஃபான்ட் என்ற மென்பொருளையும் எழுதத் தொடங்கினார். இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது டெக் வெளியிடும் டிவிஐ கோப்பு மட்டும். அதை 1979-இல் வடிவமைத்தவர் டேவிட் ஃபூக்ஸ்.

டிவிஐ கோப்பில் இருப்பது மிகக் குறைவு. இந்த எழுத்துருவை எடு, இவ்வளவு வலப்பக்கம் நகர், இவ்வளவு கீழே இறங்கு, இந்த எண்ணுள்ள எழுத்தை வை, இங்கே ஒரு கறுப்புப் பட்டை போடு. இவ்வளவுதான். அளவுகள் எல்லாம் அச்சுப் புள்ளியின் 65,536-இல் ஒரு பங்கு என்ற அலகில். ஓர் அங்குலத்துக்கு 72.27 அச்சுப் புள்ளி என்பதால் இந்த அலகு சுமார் 5.4 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. எந்த அச்சுப்பொறியும் இவ்வளவு நுணுக்கமாக அச்சிடப்போவதில்லை. அதனால்தான் இந்த அளவு. எதிர்காலத்தில் எந்த இயந்திரம் வந்தாலும் கணக்கில் பிசிறு வராது. ஐந்து வேறு கணினிகளில் ஓட்டினாலும் வரி ஒரே இடத்தில்தான் உடையும்.

கோப்பின் அமைப்பிலும் ஒரு முன்யோசனை இருந்தது. பக்கங்களைப் பற்றிய சுருக்கம் கோப்பின் கடைசியில் இருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முந்தைய பக்கம் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு இருக்கும். அச்சிடும் நிரல் கோப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து முன்னே வரலாம். தாளை முகம் மேலாகத் தள்ளும் அச்சுப்பொறிகளில் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினால்தான் கட்டு வரிசையாக அமையும். அதற்கு இது தோதாக இருந்தது.

விளைவு: ஸ்டான்ஃபோர்டின் பிடிபி-10, டிஜிட்டல் நிறுவனத்தின் விஎம்எஸ் ஓடும் வாக்ஸ், யுனிக்ஸ், ஐபிஎம் பெருங்கணினி, பின்னர் டாஸ் ஓடும் பிசி என எங்கும் டெக் ஓடியது. ஃபூக்ஸே பிசிக்கான டெக் ஒன்றையும் எழுதினார். எங்கு ஓட்டினாலும் ஒரே டிவிஐ. அச்சிட வேண்டிய இடத்தில், டிவிஐயை அந்த அச்சுப்பொறியின் மொழிக்கு மாற்றும் டிரைவர் என்ற நிரல் மட்டும் வேண்டும்.

அந்த டிரைவரில்தான் வில்லங்கம். டிவிஐ கோப்பு எழுத்துருவின் பெயரைத்தான் சொல்லும்; எழுத்துருவைச் சுமந்து வராது. அச்சிடும் கணினியில் அதே எழுத்துரு, அந்த அச்சுப்பொறியின் நுணுக்கத்துக்கு ஏற்ற புள்ளிப் படமாக இருக்க வேண்டும். எப்சன் ஊசி அச்சுப்பொறிக்குக் குறுக்கே 240, நெடுக்கே 216 புள்ளி என்றால் அதற்கொரு தொகுப்பு. லேசருக்கு 300 என்றால் இன்னொன்று. ஒரே 300 புள்ளியிலும் வேறுபாடு இருந்தது. கேனன் இயந்திரம் கறுப்பாக வேண்டிய இடத்தில் ஒளி பாய்ச்சியது; ரிக்கோ இயந்திரம் வெள்ளையாக வேண்டிய இடத்தில் பாய்ச்சியது. ஒன்றுக்குச் செய்த எழுத்தை மற்றதில் அடித்தால் மெல்லிய கோடுகள் தடித்தோ தேய்ந்தோ போயின. ஆகவே மெட்டாஃபான்ட்டில் ஒவ்வொரு இயந்திர வகைக்கும் தனி அமைப்பு எழுதி, வட்டில் மெகாபைட் கணக்கில் எழுத்துப் படங்களைக் குவித்துவைத்தார்கள். படங்களை இறுக்கிச் சுருக்க டோமஸ் ராக்கிக்கி 1985-இல் ஒரு வடிவத்தை உருவாக்கிய பிறகே வட்டு கொஞ்சம் மூச்சுவிட்டது.

படங்களுக்கோ டிவிஐயில் இடமே இல்லை. டிரைவரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கும் வசதி மட்டும் உண்டு. அந்தச் சீட்டை ஒவ்வொரு டிரைவரும் ஒவ்வொரு விதமாகப் படித்தது. ஓரிடத்தில் வந்த வரைபடம் வேறிடத்தில் வெற்றிடமாக வந்தது.

தமிழுக்கும் இந்தப் பாதையில் ஒரு தடம் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே மெட்டாஃபான்ட்டில் ஒரு தமிழ் எழுத்துருவை வரைந்தார். அதன் மூலக்கோப்பு இருந்தால் போதும். எந்த இயங்குதளத்திலும், எந்த அச்சுப்பொறிக்கும் தமிழ் எழுத்துகளை வார்த்துக்கொள்ளலாம்.

பக்கமே நிரலானது

பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் இதே கேள்விக்கு வேறு விடை உருவாகிக்கொண்டிருந்தது. ஜான் வார்நாக் அங்கே 1978-இல் சேர்ந்தார். அதற்கு முன் எவன்ஸ் அண்ட் சதர்லண்ட் நிறுவனத்தில் ஜான் காஃப்னியோடு சேர்ந்து, வரைகலைக்கான ஒரு நிரல்மொழியில் வேலை பார்த்திருந்தார். அந்த எண்ணங்கள் ஜெராக்ஸில் இன்டர்பிரஸ் என்ற பக்க விவரிப்பு மொழியாக வளர்ந்தன. ஜெராக்ஸ் அதை வெளியுலகுக்குக் கொடுக்கத் தயங்கியது. பொறுமை இழந்த வார்நாக்கும் அவருடைய மேலாளர் சார்லஸ் கெஷ்கியும் வெளியேறி, 1982 டிசம்பரில் அடோபி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். போஸ்ட்ஸ்கிரிப்ட் அங்கே பிறந்தது.

போஸ்ட்ஸ்கிரிப்டில் ஒவ்வொரு பக்கமும் ஒரு நிரல். கோடு எங்கே தொடங்கி எங்கே வளைகிறது, எந்த எழுத்து எந்த அளவில், எந்தக் கோணத்தில் என்பதை எல்லாம் கட்டளைகளாக எழுதி அனுப்பினால், அச்சுப்பொறிக்குள் இருக்கும் கணினி அவற்றை நிறைவேற்றி, தன்னிடம் உள்ள நுணுக்கத்துக்கு ஏற்பப் புள்ளிகளாக மாற்றிக்கொள்ளும். எழுத்துகளும் வளைகோடுகளாகவே வரையறுக்கப்பட்டதால், ஒரே எழுத்துருவை எந்த அளவுக்கும் பெரிதாக்கலாம். புள்ளிப் படக் குவியல் தேவையில்லை. சுமை மென்பொருளின் தலையிலிருந்து அச்சுப்பொறியின் தலைக்கு இறங்கியது.

இறங்கிய சுமை விலையில் தெரிந்தது. போஸ்ட்ஸ்கிரிப்டோடு 1985 மார்ச்சில் விற்பனைக்கு வந்த ஆப்பிள் லேசர்ரைட்டரின் விலை 6,995 டாலர். அதே கேனன் அச்சு எந்திரத்தைக் கொண்டு ஹெச்பி 1984-இல் விற்ற லேசர்ஜெட்டின் விலை 3,495 டாலர். லேசர்ரைட்டருக்குள் 12 மெகாஹெர்ட்ஸ் மோட்டோரோலா 68000 செயலியும் 1.5 மெகாபைட் நினைவகமும் இருந்தன. அதற்குக் கட்டளையிட்ட மெக்கின்டாஷில் இருந்ததோ அதே செயலி, 8 மெகாஹெர்ட்ஸுக்கும் குறைவான வேகத்தில். வேலை ஏவும் கணினியைவிட ஏவல் கேட்கும் அச்சுப்பொறி பெரிய கணினி! அதற்குக் காரணம் எளிய கணக்கு. அமெரிக்க லெட்டர் அளவுத் தாள் முழுவதையும் 300 புள்ளி நுணுக்கத்தில் நினைவகத்தில் விரிக்க ஒரு மெகாபைட்டுக்கு மேல் வேண்டும். முதல் லேசர்ஜெட்டில் இருந்தது 128 கிலோபைட். எழுத்துக்குப் போதும், முழுப் பக்கப் படத்துக்குப் போதாது.

ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் 1985 ஜூலையில் வந்து சேர்ந்தது. மேசைமேல் பதிப்பகம் தொடங்கியது. லேசர்ரைட்டரில் மெய்ப்புப் பார்த்த அதே கோப்பை, லினோடைப் நிறுவனத்தின் லினோட்ரானிக் இயந்திரத்தில் 1,270 புள்ளி நுணுக்கத்தில் எடுத்து அச்சகத்துக்கு அனுப்பலாம். கோப்பில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம்.

இயங்குதளங்களுக்கு இடையிலும் போஸ்ட்ஸ்கிரிப்ட் எளிதாகப் பயணித்தது. அது சாதாரண எழுத்துகளால் ஆன கோப்பு, மின்னஞ்சலில்கூட அனுப்பலாம். வரி முடிவுக்கு மெக்கின்டாஷ் ஒரு குறியையும், யுனிக்ஸ் வேறொரு குறியையும், டாஸ் இரண்டையும் சேர்த்தும் போட்டன. போஸ்ட்ஸ்கிரிப்டுக்கு மூன்றும் ஒன்றே. ஒவ்வொரு அச்சுப்பொறியிலும் எத்தனை தட்டு, என்னென்ன தாள் அளவு என்று விவரிக்க அடோபி வகுத்த பிபிடி என்ற எளிய எழுத்துக் கோப்பையும் எல்லா இயங்குதளங்களும் படித்தன.

அலுவலகத்துக்குள் நடந்த சில்லறைச் சண்டைகள்

ஏட்டில் இப்படி. நடைமுறையில்? மெக்கின்டாஷ், டாஸ், விண்டோஸ், யுனிக்ஸ் எல்லாம் ஒரே அச்சுப்பொறியைப் பங்கிட்ட அலுவலகங்களில் பணிபுரிந்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

மெக்கின்டாஷ் தன் பக்கங்களைச் சுருக்கெழுத்தில் எழுதியது. அந்தச் சுருக்கெழுத்துக்கான அகராதியை லேசர்பிரெப் என்ற முன்னுரைக் கோப்பாக அச்சுப்பொறிக்குள் ஒருமுறை ஏற்றிவைத்துவிடும். கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு யுனிக்ஸ் அலுவலகத்துக்குப் போனால், அங்குள்ள அச்சுப்பொறிக்கு அந்த அகராதி தெரியாது. முதல் சொல்லிலேயே பிழை என்று நின்றுவிடும். ஒரே அலுவலகத்தில் இரண்டு மெக்கின்டாஷ்களில் லேசர்பிரெப்பின் இரண்டு பதிப்புகள் இருந்தாலோ இன்னும் மோசம். ஒருவர் அச்சிட்ட பிறகு மற்றவர் அச்சிடும்போதெல்லாம் அச்சுப்பொறி பழைய அகராதியைத் தூக்கிப்போட்டு, முதலிலிருந்து தொடங்கிப் புதியதை ஏற்றும்.

விண்டோஸின் தொல்லை வேறு மாதிரி. போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பு சதவீதக் குறியும் ஆச்சரியக்குறியுமாகத் தொடங்க வேண்டும் என்பது மரபு. யுனிக்ஸின் அச்சு வரிசையை நிர்வகிக்கும் நிரல் அந்த இரண்டு குறிகளைப் பார்த்துத்தான் வந்தது நிரலா, வெறும் எழுத்தா என்று முடிவெடுக்கும். விண்டோஸ் டிரைவரோ அதற்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டுப்பாட்டுக் குறியை வைத்தது. கம்பி வழியே நேராக இணைத்த அச்சுப்பொறியில் முந்தைய வேலையின் மிச்சத்தைத் துடைக்க அது உதவும். யுனிக்ஸ் வழியாகப் போனால், முதல் குறி வேறாக இருப்பதால் மொத்தக் கோப்பும் வெறும் எழுத்து என்று கருதப்படும். ஒரு பக்கக் கடிதத்துக்குப் பதிலாக, அடைப்புக்குறிகளும் எண்களும் நிறைந்த நிரல் வரிகள் கட்டுக்கட்டாக வெளியே வந்து விழும். நிர்வாகி ஓடிவந்து மின்சாரத்தை அணைக்கும்வரை நிற்காது.

வெறும் எழுத்துக் கோப்பும் தப்பவில்லை. யுனிக்ஸில் வரி முடிவுக்குறி அடுத்த வரிக்கு இறங்கச் சொல்லும். டாஸுக்கென அமைத்த அச்சுப்பொறி அதை அப்படியே எடுத்துக்கொண்டு இறங்கும், இடப்பக்கம் திரும்பாது. எழுத்துகள் மாடிப்படி போலச் சரிந்து தாளின் வலப்பக்கத்துக்கு வெளியே போய்விடும். தாள் அளவோ இன்னொரு தலைவலி. அமெரிக்க லெட்டர் தாள் 216 மில்லிமீட்டர் அகலம், 279 உயரம். ஏ4 தாள் 210 அகலம், 297 உயரம். அமெரிக்காவில் உருவான கோப்பு லெட்டர் தாள் கேட்கும். தட்டில் ஏ4 இருந்தால் பல அச்சுப்பொறிகள் யாராவது வந்து பொத்தானை அழுத்தும்வரை காத்துநின்றன.

இவற்றில் எதற்கும் அடோபியின் மொழியைக் குறைசொல்ல முடியாது. ஒவ்வோர் இயங்குதளமும் தன் வீட்டுப் பழக்கத்தைக் கோப்போடு சேர்த்து அனுப்பியதால் வந்த வினை.

ஏழைக்கும் ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட்

போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுப்பொறி எல்லாராலும் வாங்கக்கூடிய பொருளாக இல்லை. ஊசி அச்சுப்பொறியோ மலிவான மைப்பீச்சு அச்சுப்பொறியோ வைத்திருந்தவர்கள் என்ன செய்வது? எல். பீட்டர் டாய்ச் விடை கொடுத்தார். இவரும் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் இருந்தவர். போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியை அடோபி புத்தகமாக வெளியிட்டிருந்ததால், அதைப் பார்த்து யார் வேண்டுமானாலும் அந்த மொழியைப் புரிந்துகொள்ளும் நிரலை எழுதலாம். டாய்ச் எழுதிய கோஸ்ட்ஸ்கிரிப்ட் 1988-இல் வெளிவந்தது. மூலநிரலோடு, இலவசமாக.

கோஸ்ட்ஸ்கிரிப்ட், அச்சுப்பொறிக்குள் இருந்த மூளையை மீண்டும் கணினிக்கே கொண்டுவந்தது. பக்க நிரலைக் கணினியிலேயே நிறைவேற்றி, எப்சனுக்கு வேண்டுமா, ஹெச்பி டெஸ்க்ஜெட்டுக்கு வேண்டுமா, திரைக்கு வேண்டுமா என்று பார்த்து அதற்கேற்ற புள்ளிகளாகக் கொடுத்துவிடும். யுனிக்ஸ், விஎம்எஸ், டாஸ், ஓஎஸ்/2, விண்டோஸ் என எல்லாவற்றிலும் ஓடியது. லினக்ஸ் வீடுகளுக்குள் நுழைந்தபோது, எல்லா மென்பொருளும் போஸ்ட்ஸ்கிரிப்டை மட்டும் எழுதும், மற்றதைக் கோஸ்ட்ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும் என்பதே வழக்கமாயிற்று. டெக் எழுதிய டிவிஐயைப் போஸ்ட்ஸ்கிரிப்டாக மாற்ற ராக்கிக்கியின் டிவிஐபிஎஸ். அங்கிருந்து மலிவு அச்சுப்பொறிக்குக் கோஸ்ட்ஸ்கிரிப்ட். ஒவ்வொரு டிவிஐ டிரைவரும் ஒவ்வொரு அச்சுப்பொறியைத் தனித்தனியாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கட்டாயம் இந்த இணைப்பில் ஒழிந்தது.

குறையாக இருந்தது எழுத்துருதான். மொழி வெளிப்படை, ஆனால் அடோபியின் தரமான எழுத்துருக்களின் வடிவமான டைப் 1 மறைகுறியீட்டில் பூட்டப்பட்டிருந்தது. சிறிய அளவிலும் எழுத்து சிதையாமல் வருவதற்கான நுணுக்கங்கள் அந்தப் பூட்டுக்குள் இருந்தன. போட்டி அச்சுப்பொறிகளால் அவற்றைச் சரியாகக் காட்ட முடியவில்லை; அடோபியின் வருமானத்துக்கு அதுவே காவல்.

1989 செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த செய்போல்ட் மாநாட்டில் ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் ஒரே மேடையில் ஏறி, தங்களுக்கென ஒரு புதிய எழுத்துரு வடிவத்தை அறிவித்தன. அதுதான் ட்ரூடைப். அடோபியை வளர்த்துவிட்ட ஆப்பிளே எதிர்முகாமில் நின்றது. அதே மேடையில் வார்நாக் டைப் 1 ரகசியத்தை வெளியிடப்போவதாகச் சொன்னார். 1990-இல் அது புத்தகமாக வந்தது. ட்ரூடைப் 1991-இல் மெக்கின்டாஷின் சிஸ்டம் 7-இலும் 1992-இல் விண்டோஸ் 3.1-இலும் வந்தது. போட்டியின் பலன் நம்மைப் போன்ற சாமானியருக்கு: இரு வடிவங்களும் வெளிப்படை. தமிழ் எழுத்துருக்களை உருவாக்கியவர்கள் அடுத்த பத்தாண்டில் இந்த இரண்டு வடிவங்களிலும்தான் வேலை செய்தார்கள்.

கோப்பே தன்னைச் சுமக்கிறது

பக்கத்தை நிரலாக எழுதுவதில் ஒரு பலவீனம் உண்டு. நிரல் எப்போது முடியும் என்பதை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். 87-ஆம் பக்கம் மட்டும் வேண்டுமென்றாலும், முதல் பக்கத்தில் எங்கோ அமைத்த ஒரு வரையறை அதற்குத் தேவைப்படலாம். ஆகவே முதலிலிருந்து வர வேண்டும். பக்கங்களைப் பிரித்துக் காட்டக் குறிப்பு வரிகள் எழுதும் மரபை அடோபி வகுத்தது. அது மரபுதான், சட்டமில்லை. மதிக்காத மென்பொருள்கள் நிறைய.

வார்நாக் இதைத் தீர்க்க யோசித்த திட்டத்துக்குக் கேமலாட் என்று பெயர் வைத்தார். போஸ்ட்ஸ்கிரிப்ட் நிரலை ஒருமுறை ஓட்டி, அதன் சுழல்களையும் நிபந்தனைகளையும் எல்லாம் கழித்துவிட்டு, இறுதியில் தாளில் விழும் கோடுகளையும் எழுத்துகளையும் மட்டும் பதிந்துகொள்வது. சமையல் குறிப்பை அனுப்புவதை விட்டுவிட்டு, சமைத்த சாப்பாட்டையே கட்டி அனுப்புவது போல. எழுத்துருக்களையும் கோப்புக்குள்ளேயே வைத்துவிடலாம். முழுதாக வேண்டாம், அந்த ஆவணத்தில் வரும் எழுத்துகள் மட்டும் போதும். ஒவ்வொரு பொருளும் கோப்பில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கடைசியில். படிக்கும் நிரல் வாலிலிருந்து தொடங்கி, வேண்டிய பக்கத்துக்கு நேராகப் போய்விடும். 1979-இல் ஃபூக்ஸ் டிவிஐயில் வைத்த அதே யோசனை இங்கேயும் பயன்பட்டது.

1993 ஜூனில் அக்ரோபேட் என்ற மென்பொருளோடு பிடிஎஃப் வெளிவந்தது. தொடக்கத்தில் அதைப் படிக்கும் நிரலையும் அடோபி விலைக்குத்தான் விற்றது. காசு கொடுத்துப் படிக்க யார் வருவார்? பிறகு இலவசமாக்கினார்கள். அமெரிக்க வருமானவரித் துறை தன் படிவங்களைப் பிடிஎஃபில் வெளியிட்டது. போட்டியாக வந்த வேறு சில வடிவங்கள் தடம் தெரியாமல் போயின. கோப்பின் வரையறையை அடோபி முதல் நாளிலிருந்தே புத்தகமாக வெளியிட்டதால், கோஸ்ட்ஸ்கிரிப்ட் உட்படப் பிறர் எழுதிய நிரல்களும் அதைப் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொண்டன. செக் நாட்டு மாசரிக் பல்கலைக்கழகத்தில் ஹான் தே தான் என்பவர் எழுதிய பிடிஎஃப்டெக், டிவிஐயைத் தாண்டி நேரடியாகப் பிடிஎஃபை உருவாக்கியது. 2005-இல் ஆவணக் காப்பகங்களுக்கான பிடிஎஃப்/ஏ பன்னாட்டுத் தரமானது. 2008 ஜூலை 1 அன்று பிடிஎஃப் முழுவதுமே ஐஎஸ்ஓ 32000 என்ற பன்னாட்டுத் தரமாகி, அடோபியின் கையைவிட்டு உலகத்தின் கைக்கு வந்தது.

தமிழ் வாசகருக்கு இந்த மாற்றம் நேரடியாகப் பயன்பட்டது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கியபோது, ஒவ்வொருவர் கணினியிலும் வேறு வேறு எழுத்துரு, வேறு வேறு குறியீட்டு முறை. டிஸ்கி என்ற தமிழ்க் குறியீட்டு முறைக்கான எழுத்துருவை நிறுவத் தெரியாதவருக்கும், மெக்கின்டாஷோ யுனிக்ஸோ வைத்திருந்தவருக்கும் பிடிஎஃப் வடிவம் கைகொடுத்தது. எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருந்ததால் திறந்தால் தமிழ் தெரிந்தது, அச்சிட்டால் தமிழ் வந்தது.

ஆனால் பிடிஎஃப் காப்பது எழுத்தின் உருவத்தை. அந்த உருவம் எந்த எழுத்து என்ற செய்தி, கோப்பை உருவாக்கியவர் வைத்தால்தான் இருக்கும். யூனிகோடுக்கு முந்தைய எட்டு பிட் தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் உருவங்களை உட்காரவைத்தவை. அவற்றால் ஆன பிடிஎஃபிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே வரும். தேடினால் ஒன்றும் கிடைக்காது. தாளுக்கு அந்தக் கோப்பு போதும், நூலகத்துக்குப் போதாது.

கதையைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு தீர்ப்பு தானே வருகிறது. டிராஃப், இயந்திரத்தைத் தன் தலையில் சுமந்தது. இயந்திரம் மாறியபோது தடுமாறியது. டிவிஐ சுமையை டிரைவரிடம் தள்ளியது. போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுப்பொறியிடம் தள்ளியது. பிடிஎஃப்தான் சுமையைக் கோப்பிடமே கொடுத்தது. ஆனாலும் இவற்றை எல்லா இயங்குதளங்களுக்கும் கொண்டுசேர்த்தது வடிவமைப்பின் புத்திசாலித்தனம் மட்டுமில்லை. இன்டர்பிரஸ் திறமையில் குறைந்ததல்ல. அதைப் பூட்டிவைத்தார்கள், அதை உருவாக்கியவர்களே கிளம்பிப் போனார்கள். வரையறையை ஊருக்குத் திறந்துவைத்த வடிவங்களே நிலைத்தன. டைப் 1 பூட்டைத் திறக்க அடோபிக்கே ஒரு போர் தேவைப்பட்டது.

உங்கள் கையெழுத்துப் பிரதியையோ, குடும்ப வரலாற்றையோ, ஊர்க் கோயில் மலரையோ பிடிஎஃபாகச் சேமிக்கும்போது மூன்றைப் பாருங்கள். எழுத்துரு கோப்புக்குள் சேர்ந்திருக்கிறதா, தமிழ் யூனிகோடில் இருக்கிறதா, நெடுநாள் காக்க வேண்டியதென்றால் பிடிஎஃப்/ஏ வடிவில் இருக்கிறதா. ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தால் இரண்டாவது கேள்விக்கு அப்போதே விடை தெரிந்துவிடும்.

அடுத்த இதழில்: 1990-களின் இறுதியில் யுனிக்ஸ் அச்சு வரிசையை மாற்றி எழுதிய மைக்கேல் ஸ்வீட்டின் கப்ஸ், அது ஆப்பிளுக்குப் போன கதை, டிரைவரே இல்லாமல் கைப்பேசியிலிருந்து அச்சிடும் காலம்.

(தொடரும்)